மழைக்குக் காத்திருக்கும் முட்டை

ஒரு பருவமே வாழும் கில்லி மீன்கள் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மழைக்குப் பிறகு மட்டும் நீர் தேங்கும் பள்ளங்களில் இருப்பவை. பள்ளம் வற்றினால் மீன்கள் செத்துவிடும். சேற்றில் புதைந்த முட்டைகள் அடுத்த மழைவரை உயிரோடு கிடக்கும். கரு விட்டுவிட்டு வளர்வதால் ஒரே தாயின் முட்டைகள்கூட ஒரே நாளில் தயாராவதில்லை. முதல் மழை ஏமாற்றினாலும் கொஞ்சம் முட்டை மிஞ்சும். 1968இல் இன்றைய ஜிம்பாப்வேயில் கண்டெடுக்கப்பட்ட நோத்தோபிராங்கியஸ் ஃபர்சரி என்ற கில்லி இனம், குட்டைகளில் பொரித்து 14 நாளிலேயே பருவமடைவது 2018இல் பதிவானது.

கேரள-தமிழக எல்லைப் பக்கத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் குளங்களில் இந்த ஒருபருவ மீன்கள் கிடையாது. தொட்டியில் வளர்ப்பதானால், முட்டையிட அவித்த தேங்காய் நார்த்தூள் போதும். காயலில் ஊறப்போட்ட மட்டையின் தூளில் உப்பு இருக்கும் என்பதால் பலமுறை அலசவேண்டும். முட்டை சேர்ந்ததும் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பார்கள். இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்துச் சில வாரமோ பல மாதமோ ஆகும். முட்டைக்குள் பொன்வளையமிட்ட கண் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது.

ஆனால் உடனே தண்ணீர் ஊற்றுவது அவசரம். முதல்நாளே தீனிக்கு ஏற்பாடு வேண்டும். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்புக் கரைத்து, ஆர்டீமியா முட்டையைப் போட்டு, ஏர் பம்பால் காற்றடித்தால் 28 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரியும். தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் சிற்றுயிர்தான் இது. தெற்குக் கேரளத்தின் வெக்கையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது.

மறுநாள், அறையைவிடச் சில டிகிரி குளிர்ந்த நீரைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு நார்த்தூள்மேல் ஊற்றவேண்டும். தூள் மக்கும்போது ஆக்சிஜன் குறைகிறது. அந்தத் திணறலே கருவை ஓட்டை உடைக்கத் தூண்டுகிறது. சில மணி நேரத்தில் குஞ்சுகள் வெளிவரும். பொரிக்காத முட்டைகளை மீண்டும் ஈரப்பதமாகக் கட்டிவைத்துச் சில வாரம் கழித்து நனைக்கலாம். காலம் தவறி நனைத்தால் நீச்சல்பையில் காற்று நிரம்பாத குஞ்சுகள் அடியிலேயே ஊர்ந்து திரியும். அவை தேறுவது அபூர்வம்.

ஆர்டீமியாவைத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கவேண்டும். பொரித்த உடனே கொடுத்தால்தான் அதன் மஞ்சள்கருச் சத்து முழுதாகக் கிடைக்கும். குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமானால் சாப்பிட்டுவிட்டது என்று அறியலாம். நன்னீரில் ஆர்டீமியா சில மணி நேரமே உயிரோடிருக்கும்; அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு இரண்டு மூன்று வேளை போடுவதே சரி. மிச்சம் அழுகினால் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும். நோத்தோபிராங்கியஸ் ராச்சோவி போன்ற இனங்களின் மிகச் சிறிய குஞ்சுகளுக்கு முதல் சில நாள் இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்கள் வேண்டும். இரண்டு வாரத்தில் மொய்னா என்னும் நீர்ச் சிற்றுயிருக்கு மாறலாம்.

இந்தப் பக்கத்தின் சொந்தக் கில்லி மானத்துக்கண்ணி. அதன் முட்டையைக் காயவைக்கத் தேவையில்லை. நீர்ச்செடியில் ஒட்டியபடியே இரண்டு வாரத்துக்குள் பொரியும். நீர்மட்டத்தில் மிதக்கும் குஞ்சுகள் உடனே ஆர்டீமியாவைத் தின்னும். வளர்ந்தது சிறியதை விழுங்கும் என்பதால் அவற்றை அளவு பார்த்துப் பிரித்துவிட வேண்டும்.