ஞாயிறு வாங்கிய கறி புதன் வரை தாங்குமா? ஃப்ரிட்ஜை எவ்வளவு நம்பலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் ஒரு கிலோ வாங்கினால், பாதி அன்றைக்கே குழம்பாகிவிடும். மீதி, வாங்கி வந்த பையோடு ஃப்ரிட்ஜுக்குள் போகும். திங்கட்கிழமை பழைய குழம்பு இருக்கும், செவ்வாய்க்கிழமை சைவம். ஆக, அந்தப் பை புதன்கிழமைதான் வெளியே வரும். எடுத்தவுடன் முகர்ந்து பார்ப்பார்கள். "வாடை ஒண்ணும் வரல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டால் அடுப்பில் ஏறிவிடும்.

இந்த மூக்குச் சோதனையில்தான் சிக்கல். கறியில் இரண்டு வகை கிருமிகள் வளர்கின்றன. ஒரு வகை, கறியைக் கெடுப்பவை. பிசுபிசுப்பு, புளித்த வாடை, நிறமாற்றம் எல்லாம் இவற்றின் வேலை. குளிரிலும் இவை மெதுவாக வளரும். இன்னொரு வகை, மனிதரை நோயில் தள்ளுபவை. சால்மோனெல்லா, ஈ.கோலி போன்றவை இதில் சேரும். இவை ஆபத்தான அளவுக்குப் பெருகினாலும் வாடை, நிறம், ருசி எதுவும் மாறாமல் இருக்கலாம். நாற்றம் அடித்தால் கறி கெட்டுவிட்டது என்பது சரி. நாற்றம் இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

"குக்கர்ல அஞ்சு விசில் விட்டா எல்லாம் செத்துப்போயிடுமே?" என்று கேட்கலாம். கிருமி சாகும், உண்மைதான். ஆனால் சில கிருமிகள் வளரும்போது விட்டுச்செல்லும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. மனிதரின் கையிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அப்படிப்பட்ட ஒன்று. வெளியே நெடுநேரம் கிடந்த உணவை நன்றாகச் சமைத்தாலும் சரிசெய்ய முடியாது என்று சொல்வது இதனால்தான்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

ஃப்ரிட்ஜில் வைத்த நேரத்திலிருந்து நாள் கணக்குப் பார்ப்பது வழக்கம். உண்மையான கணக்கு கறிக்கடைக் கொக்கியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் 60 டிகிரிக்குள், கிருமிகள் வேகமாகப் பெருகும். பச்சைக் கறி இந்த வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்க வேளாண் துறை. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி இந்த 1 மணி நேரக் கணக்குதான் பொருந்தும். கறியை முதலில் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு, அப்புறம் காய்கறி, மளிகை என்று சுற்றுபவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். கறி கடைசியில் வாங்க வேண்டிய பொருள்.

இணையத்தில் தேடினால், மாட்டிறைச்சி ஸ்டீக்கை ஃப்ரிட்ஜில் 3 முதல் 5 நாள் வைக்கலாம் என்ற பதில் கிடைக்கும். அது தவறான தகவல் அல்ல. ஆனால் அங்கே வெட்டிய உடலைக் குளிரறையில் ஆறவைத்து, கடை வரை அந்தக் குளிர் குறையாமல் கொண்டுவருகிறார்கள். ஸ்டீக் என்பது முழுத் துண்டு வேறு. கிருமிகள் பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான் இருக்கும், உள்ளே போவதில்லை. நம் குழம்புக் கறியோ சின்னச் சின்னத் துண்டு. ஒரே கட்டை, ஒரே கத்தி, துண்டு போடப் போட வெளிப்பரப்பு கூடிக்கொண்டே போகும். கொத்துக்கறியில் வெளிப்பரப்பு முழுக்க உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் கொத்துக்கறி, ஈரல், கோழி ஆகியவற்றுக்கு அமெரிக்கக் கணக்கிலேயே 1 முதல் 2 நாள்தான்.

கொக்கியில் தொங்கிய ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் அந்த 5 நாளைப் போடுவது அதிகம். 2 நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஈரல், குடல், கொத்துக்கறி என்றால் அன்றே, தப்பினால் மறுநாள். புதன்கிழமைக்கு வேண்டும் என்று ஞாயிறன்றே தெரிந்தால், அது நேராக ஃப்ரீசருக்குப் போக வேண்டிய கறி.

எந்தத் தட்டில் வைப்பது?

ஃப்ரிட்ஜின் உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குமிழில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். உள்ளே வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப்போட்டால் சந்தேகம் தீரும்.

பச்சைக் கறியைக் கீழ்த்தட்டில் வையுங்கள் என்பது பொதுவான அறிவுரை. கறி நீர் கீழே இருக்கும் தயிரிலோ கொத்தமல்லியிலோ சொட்டக் கூடாது என்பதே காரணம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் அதிகக் குளிர் இருப்பது ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள சில்லர் ட்ரேயில். அங்கே வைக்கலாம், ஆனால் இறுக மூடும் டப்பாவில் மட்டுமே. கேரி பேக் முடிச்சை நம்பக் கூடாது. கதவுத் தட்டு வேண்டவே வேண்டாம். செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் கூடாது, உணவைச் செய்தித்தாளில் பொதிவதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன.

மஞ்சளும் உப்பும் தடவி வைத்தால் கெடாது என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. உப்புக்கண்டம் நிற்பதற்குக் காரணம் உப்போடு வெயிலும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடுவதுதான். ஒரு ஸ்பூன் மஞ்சள் தடவிய ஈரக்கறிக்கு அந்தக் கணக்கு செல்லாது. கோழியைக் குழாயடியில் பிடித்து அலசும்போது தெறிக்கும் நீர் சிங்க், பாத்திரம், பக்கத்தில் இருக்கும் காய் என எல்லாவற்றிலும் கிருமியைப் பரப்பும். நம் கடைக் கறியை அலசாமல் சமைக்க மனம் வராதுதான். அப்படியானால் குழாயைத் திறந்து விடாமல், பாத்திரத்து நீரில் மெதுவாகக் கழுவி, பிறகு சிங்கையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். கழுவுவது சமைக்கும் முன்புதான், வைக்கும் முன்பு அல்ல.

ஃப்ரீசர் கணக்கு

மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் குட்டி ஃப்ரீசர் எந்நேரமும் அந்தக் குளிரைத் தொடும் என்று சொல்ல முடியாது, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்து, தேதி எழுதி வைத்தால் மொத்தக் கட்டியையும் வெளியே எடுத்துப்போட வேண்டியிருக்காது.

வெட்டி ஓரிரு மணி நேரமே ஆன ஆட்டுக்கறியை உடனே உறைய வைத்தால், உருகும்போது தசை சுருங்கிக் கறி ரப்பர் மாதிரி ஆகிவிடும். சில மணி நேரம் சில்லர் ட்ரேயில் இருந்த பிறகு ஃப்ரீசருக்கு மாற்றினால் இது குறையும். "முத்தல் ஆட்டைக் கட்டிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டும் முன் இதையும் யோசிக்கலாம்.

உறைந்த கறியைக் காலையிலேயே மேடையில் எடுத்துவைத்துவிட்டு வேலைக்குப் போவது தவறு. நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே வெளிப்பகுதி வெதுவெதுப்பாகிவிடும். முதல் நாள் இரவே கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். அவசரம் என்றால் பையை இறுகக் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை நீரை மாற்ற வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகிய கறியை மறுபடி உறைய வைக்கலாம். தண்ணீரில் உருகியதைச் சமைத்த பிறகுதான் உறைய வைக்கலாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். ஊருக்குப் போகிறவர்கள், ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. டம்ளரின் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. அந்தக் கறியை முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம், குப்பையில் போட்டுவிடலாம்.