மக்கும் பையும் மன்னார்க் கடலும்

ராமேசுவர யாத்திரையில் ‘மக்கும் பை’ என்று முத்திரையிட்ட பை கைக்கு வந்ததும் நம் மனச்சாட்சி சமாதானமடைந்து விடுகிறது. மக்கும், சரி; எங்கே மக்கும் என்று நாம் கேட்பதுண்டா?

சோள மாவிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக், எருவாக்கும் ஆலையில் சுமார் 60 டிகிரி உஷ்ணமும் ஈரமும் கிடைத்தால் சில மாதங்களில் சிதைந்து போகும். நம் கடல்நீரின் உஷ்ணமோ சுமார் 30 டிகிரிதான். அங்கே அது ஆண்டுக்கணக்கில் அழியாது கிடக்கும்.

இங்கிலாந்திலுள்ள பிளிமத் சர்வகலாசாலையார் 2019-இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். அவர்கள் சோதித்த ‘எருவாகும்’ பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது. மண்ணிலோ 27 மாதமாகியும் எஞ்சியிருந்தது. ‘மக்கும்’ என்ற பெயர் தாங்கிய வேறொரு பை, மூன்றாண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பின்னரும் சாமான் சுமந்தது! ஆகவே மக்குதல் பொருளின் குணம் மட்டுமன்று. சேர்ந்த இடத்தின் குணமுமாகும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. கடற்பசு மேயும் புல்வெளியும் பவளப் பாறைகளும் அங்கே உள்ளன. பையின் முத்திரையைப் படிக்க ஆமைக்குத் தெரியாது.

ராமநாதபுரம் சீமையின் பனையோலைக் கொட்டானுக்கு முத்திரை எதற்கு? யாத்திரை செல்லும் அன்பர்கள் அதைக் கையோடு கொண்டு செல்லட்டும். பிளாஸ்டிக் பை வந்து சேர்ந்தாலோ, எம்முத்திரையாயினும் கரையில் எறியாது வீட்டுக்கே கொண்டுவரட்டும்.