கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எந்த லேப்டாப்?

கவுன்சலிங் முடிந்து கல்லூரியில் இடம் கிடைத்தவுடன் வீட்டில் எழும் அடுத்த கேள்வி லேப்டாப். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பதால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் "தம்பி, எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று உறவினர்களும் தெரிந்தவர்களும் போன் செய்துகொண்டே இருப்பார்கள். கம்பெனி பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது என்ன படிப்பு, கையில் எவ்வளவு பணம் என்ற இரண்டைத்தான்.

பி.காம். மாணவருக்கு எக்செல், டேலி, பிரவுசர் இருந்தால் போதும். இதற்கு 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் தாராளம். ஆனால் இவர்கள் ஆசைப்பட்டு ஆப்பிள் மேக் வாங்கிவிடக் கூடாது. டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. மெக்கானிக்கல் படிப்பில் வரும் சாலிட்ஒர்க்ஸ், சிவிலில் வரும் ரெவிட், ஈடாப்ஸ் எல்லாம் அப்படித்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு எந்த சிஸ்டமும் சரி. ஆனால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போன்றவற்றுக்கு 16 ஜிபி ராம் இருந்தால்தான் நிம்மதி.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணனின் மகளுக்கு பி.இ. சிவில் கிடைத்தது. கடையில் "இன்ஜினியரிங் என்றால் இதுதான்" என்று 92 ஆயிரம் ரூபாய் கேமிங் லேப்டாப்பைக் காட்டியிருக்கிறார்கள். அண்ணன் நகையை அடகு வைக்கவே தயாராகிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முதல் ஆண்டில் ஒரு புரோகிராமிங் பாடம், டிராஃப்டர் வைத்துத் தாளில் வரையும் கிராஃபிக்ஸ் பாடம், மற்றபடி கணக்கும் இயற்பியலும்தான். பெரிய சாஃப்ட்வேர்கள் பிறகுதான் வரும். 54 ஆயிரத்தில், ராம் கூட்டிக்கொள்ள ஒரு ஸ்லாட் காலியாக உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினோம். மீதிப் பணம் ஹாஸ்டல் கட்டணத்துக்குப் போயிற்று. கேமிங் லேப்டாப் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எடையையும் செங்கல் போன்ற அடாப்டரையும் தினமும் பஸ்ஸில் சுமக்கப்போவது மகள்தான், கடைக்காரர் இல்லை.

அடுத்து ப்ராசஸர். 'ஐ5', 'ரைசன் 5' என்ற பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஜென் 2, அதாவது 2019ல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. முதலாவதில் 4 கோர், இரண்டாவதில் 6 கோர். அதோடு முடியவில்லை. 7520யூ உள்ள லேப்டாப்களில் ராம் மெமரி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். இன்டெல்லில் ஐ5-1235யூ என்றிருந்தால் முதல் இரண்டு இலக்கங்களும் 12ஆவது தலைமுறையைக் குறிக்கும். முடிவில் 'யூ' என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும், பேட்டரி நிற்கும். 'ஹெச்' என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி இருக்கட்டும். 512 ஜிபி வாங்கினால் விண்டோஸ் சுமார் 476 ஜிபி என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி 1000ஆல் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது, அவ்வளவுதான்.

பணம் குறைவாக உள்ளவர்கள், கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த பழைய லேப்டாப்பை வாங்குவதுண்டு. நல்ல வழிதான், நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்டெல் 6, 7ஆம் தலைமுறை மாடல்களை மலிவாகத் தருகிறார்களே என்று அவசரப்படாதீர்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பட்டியலில், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் இடம். சில கடைகளில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி வைத்திருப்பார்கள். அதற்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கடையிலேயே செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் ப்ராசஸர் பெயரைப் படியுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச புரோகிராமை ஓட்டினால் விண்டோஸ் 11க்கு ஏற்றதா என்று சொல்லிவிடும். லினக்ஸ் போதும் என்கிற மாணவருக்கு இந்தக் கவலை இல்லை. சார்ஜரைக் கழற்றி அரைமணி நேரம் வீடியோ ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். பழைய பேட்டரியின் குணம் அதில் தெரிந்துவிடும்.

ஆபீஸ் சாஃப்ட்வேருக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள். கல்லூரி தரும் மெயில் ஐடி மூலம் வேர்டும் எக்செல்லும் பல மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆட்டோகேடும் மாணவர்களுக்கு இலவசம், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். வட்டியில்லாத தவணை என்றால், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்றும், பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இல்லாத வட்டி.

பணம் கொடுத்தபின் பெட்டியை உங்கள் முன்னாலேயே பிரிக்கச் சொல்லி, லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பில்லை அன்றே செல்போனில் படம் பிடித்து வையுங்கள். வெப்பத்தில் அச்சடித்த பில் ஓராண்டுக்குள்ளேயே வெறும் தாளாகிவிடலாம். வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.