சொல்லத் தயங்கும் நோய்

புனேயிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் கடக்வாஸ்லாவுக்கு அணையும் ராணுவ அகாடமியும்தான் அடையாளம். அதே புனேயின் சீரம் நிறுவனம்தான், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க இந்தியாவிலேயே உருவான முதல் ஊசியான செர்வாவாக்கை 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. ஊசி பக்கத்து ஊரில் தயாராகிறது. ஆனால் நோயைப் பற்றி வீட்டில் பேசுவது யார்?

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தனர். எச்.பி.வி. கிருமி தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். கண்டுபிடிக்க இத்தனை அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. இருந்தும் 30-49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மார்தட்டிக்கொள்ளும் எண் அல்ல.

"எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்குச் சோதனை?" என்பது வழக்கமான பதில். வெள்ளைப்படுதலையும் உறவுக்குப் பின் ரத்தக் கசிவையும் அக்கா தங்கையிடம்கூடச் சொல்வதில்லை. ஆண் டாக்டர் என்றால் கூச்சம். ஒரு நாள் கூலி போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடலுறவால் பரவும் கிருமி என்று தெரிந்ததும் சந்தேகம் மனைவி மீதே விழுகிறது. கணவனிடமிருந்து வந்திருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

பழியைப் பெண்களின் கூச்சத்தின் மீதே போட்டுவிட முடியாது. அதே மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) மாவட்டத்தில் 1999இல் தொடங்கிய ஆய்வே சாட்சி. பார்ஷியில் உள்ள நர்கிஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, பிரான்ஸில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மூன்றும் கைகோத்தன. 52 கிராமத் தொகுதிகள். 30-59 வயதில் 1,31,746 பெண்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட மூன்று பிரிவுகளிலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வந்தார்கள்! தேடிப் போய் அழைத்து, ஊருக்குப் பக்கத்திலேயே பார்த்தால் பெண்கள் வரத்தான் செய்கிறார்கள்.

2009இல் முடிவு வெளியானது. ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் 34 பேர் இந்நோயால் இறந்திருந்தனர். வழக்கமான சிகிச்சை வசதியோடு விடப்பட்ட பிரிவில் 64 பேர். (அந்த ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களைச் சோதிக்காமல் விட்டது நியாயமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான்.) திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகரின் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே இறப்பை 35 சதவீதம் குறைத்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

தடுப்பூசியின் கதை வேறு. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்கு ஊசி போட்ட திட்டம் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நடுவே நேர்ந்த மரணங்களுக்கு ஊசியோடு தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் பல சம்மதப் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது அம்பலமானது. அதற்குப் பின் ஊசி என்றாலே தயங்கும் பெற்றோரை அறியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? 2024 இடைக்கால பட்ஜெட்டில் 9-14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியை ஊக்குவிப்பதாக அரசு அறிவித்தபோதும், அந்தத் தாய்மார்கள் முதலில் கேட்கக்கூடியது விலையை அல்ல, "இது எதற்கு?" என்பதைத்தான்.