உங்களுக்குத் தெரியுமா? மின்னஞ்சலில் பறந்த எக்ஸ்ரே

எக்ஸ்ரே படத்தைக் கடல் கடந்து ஒரு நிபுணரிடம் காட்ட, சாதாரண டிஜிட்டல் கேமராவும் முக்காலியும் மின்னஞ்சலுமே போதும்! வங்கதேசத்தில், டாக்காவை அடுத்த சாவரில் உள்ள பக்கவாதமுற்றோர் மறுவாழ்வு மையம் 1999இல் இப்படித்தான் படங்களை அனுப்பத் தொடங்கியது.

• ஒளிப்பெட்டியில் ஃபிலிமை மாட்டி, கேமராவை முக்காலியில் நிறுத்திப் படமெடுப்பார்கள். கை லேசாக ஆடினாலும் மயிரிழை எலும்பு முறிவு கண்ணில் படாது, முக்காலி அதற்குத்தான்.

• ஏற்பாடு செய்தது பிரிட்டனின் ஸ்வின்ஃபென் அறக்கட்டளை. நிபுணர்கள் காசு வாங்காமல் பதில் எழுதினார்கள். அடுத்து நேபாளத்துக்கும் சாலமன் தீவுகளுக்கும் இந்த ஏற்பாடு போனது.

• யோசனை என்னவோ பழசு! அமெரிக்காவில் வெஸ்ட் செஸ்டருக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையே, சுமார் 40 கி.மீ. தூரம், 1948லேயே தொலைபேசிக் கம்பி வழியாக எக்ஸ்ரே படங்கள் போயின.