ஏசியில் "கேஸ் முடிந்துவிட்டது" என்றால் நம்பலாமா?

கண்டிக்கு எதற்கு ஏசி என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், சுற்றிவர மலை, நடுவே வாவி. இப்படி அமைந்த ஊருக்கு மின்விசிறியே தாராளம் என்பார்கள். இன்று கொழும்பு வீதியிலோ யட்டிநுவர வீதியிலோ ஒரு தடவை நடந்து பாருங்கள். புடவைக் கடை, நகைக் கடை, பாமசி, கையடக்கத் தொலைபேசிக் கடை, சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி என்று எங்கும் ஏசி ஓடுகிறது. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை பக்கமும் இதே நிலைதான். வீடுகளில் ஓர் அறைக்காவது ஏசி வந்துவிட்டது.

ஏசி வாங்கும்போது நாம் எல்லோரும் விலை பேசுகிறோம். வாங்கிய பிறகு அது விழுங்கும் பணத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்ந்தபோதுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். அதன் பின்னர் கட்டணம் குறைந்தும் கூடியும் வந்திருக்கிறது. ஆனால் பராமரிப்பு இல்லாத ஏசியால் வரும் நட்டம், கட்டணம் எதுவாக இருந்தாலும் நிற்பதில்லை.

நான் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏசி பழுதுபார்க்கும் தொழிலில் பல வருடங்களாக இருப்பவன். என்னை அழைக்கும் முதலாளிமாரிடம் நான் வழமையாகச் சொல்லும் விடயங்களை இங்கே ஒழுங்காகத் தருகிறேன். தொழில் தெரிந்தவர்தான் செய்ய வேண்டிய வேலை எது, நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடியது எது என்று பிரித்தறிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் எரிந்து தீர்வது போல ஏசியில் கேஸ் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் கொயிலில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளியே இருக்கும் கொம்பிரசர் அதை அழுத்துகிறது. வெளிக் கொயிலில் அது மீண்டும் திரவமாகி, உறிஞ்சிய வெப்பத்தை வெளியே விடுகிறது. ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே சுமந்து செல்லும் கூலியாள் அது. இதே இயந்திரத்தை எதிர்த்திசையில் ஓடவிட்டால் வெளி வெப்பத்தை உள்ளே கொண்டு வரும். நுவரெலியா போன்ற குளிர் ஊர்களில் அறையைச் சூடாக்கும் ஏசிகள் இயங்குவது அப்படித்தான்.

எனவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. நகரில் ஒரு புடவைக் கடைக்காரர் ஒரே வருடத்தில் மூன்று தடவை கேஸ் அடித்திருந்தார். ஒவ்வொரு தடவையும் சில வாரங்கள் நன்றாகக் குளிரும், பிறகு பழைய கதைதான். நான் போய்ச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தபோது, வெளி இயந்திரத்தில் குழாய் பொருந்தும் நட்டிலிருந்து குமிழி வந்தது. குழாயின் வாயைப் புதிதாக விரித்து நட்டை இறுக்கியதும் விடயம் முடிந்தது. மூன்று தடவை அவர் கொடுத்த பணம் காற்றோடு போனது.

யாராவது "கேஸ் முடிந்துவிட்டது" என்றால் நான்கு கேள்விகள் கேளுங்கள். கசிவு எங்கே? அதைத் திருத்திய பின் நைதரசன் அழுத்தம் கொடுத்துச் சோதித்தீர்களா? வெக்கியூம் பம்ப் வைத்து குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றினீர்களா? பெயர்த்தகட்டில் எழுதியுள்ள கிராம் அளவுக்கு நிறுத்து கேஸ் போட்டீர்களா? தராசில்லாமல் சாமான் விற்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? கேஸுக்கும் அதே நியாயம்தான். அழுத்தச் சோதனைக்கு ஒட்சிசன் சிலிண்டரைப் பயன்படுத்த முனைபவரை உடனே தடுத்து நிறுத்துங்கள். கொம்பிரசர் எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடிக்கும்.

பாஸை அழைக்குமுன் நீங்கள் பார்க்க வேண்டியவை

குளிர் போதவில்லை என்றால் முதலில் ரிமோட்டைப் பாருங்கள். யாராவது "கூல்" என்பதை "பேன்" அல்லது "டிரை" என்று மாற்றியிருக்கலாம். அடுத்து பில்டர். புடவைக் கடையிலும் தையல் கடையிலும் நூல் தூசி ஏராளம். அங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பில்டரைக் கழற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். வீட்டில் மாதம் ஒரு தடவை போதும். இதற்கு ஆயுதமும் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. கடைப் பையனுக்கு ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் போதும்.

உள் இயந்திரத்தில் ஐஸ் பிடிக்கிறதா? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அடைப்பினால் காற்று போதாமல் கொயில் உறைநிலைக்குக் கீழே போவது. மற்றது, கேஸ் குறைவு. இரண்டுக்கும் அடையாளம் ஒன்றாகவே இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கத்தியால் ஐஸைச் சுரண்ட வேண்டாம், குழாய் ஓட்டையாகிவிடும். ரிமோட்டில் "பேன்" மட்டும் போட்டு ஐஸ் முழுவதும் உருகவிடுங்கள். பில்டரைக் கழுவிவிட்டு மீண்டும் ஓடவிடுங்கள். மறுபடியும் ஐஸ் பிடித்தால் உள்ளே கொயிலையும் காற்றுச் சக்கரத்தையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மாத்திரமே கசிவைத் தேட வேண்டும்.

ஒரு சிறிய வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டை ஆகக் குறைந்த பாகைக்கு வைத்து கால் மணி நேரம் ஓடவிட்டு, ஏசி இழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் அளந்து பாருங்கள். சாதாரணமாக 8 முதல் 12 பாகை வரை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் இருந்தும் கடை குளிரவில்லை என்றால் குறை இயந்திரத்தில் அல்ல. கதவு திறந்து கிடக்கிறது, தகரக் கூரை வெப்பத்தை இறக்குகிறது, அல்லது கடையின் அளவுக்கு ஏசி சிறியது.

தண்ணீர் சொட்டுவது இன்னொரு முறைப்பாடு. நமது ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். 12,000 பீ.டி.யூ. ஏசி ஒன்று மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் தண்ணீர் பிரிக்கக்கூடும். அது வெளியேறும் குழாயில் பாசி படிந்தாலோ, குழாய் சரிவில்லாமல் வளைந்தாலோ, அதன் முனை கானுக்குள் மூழ்கியிருந்தாலோ தண்ணீர் உள்ளேதான் வரும். குழாயைச் சுத்தம் செய்து சரிவைத் திருத்தினால் சரி.

வெளி இயந்திரமும் மூச்சுவிட வேண்டும்

நகரில் கடைகள் நெருக்கமானவை. வெளி இயந்திரத்தைப் படிக்கட்டுக்கு அடியிலோ, இரண்டு சுவருக்கு நடுவிலோ, ஹோட்டல் குசினிப் புகை வரும் பக்கத்திலோ வைத்துவிடுகிறோம். வெளியே விட்ட சூட்டையே அது திரும்ப இழுத்தால் எப்படிக் குளிரும்? எண்ணெய்ப் புகை கொயிலில் படிந்து, தூசி அதன்மேல் ஒட்டி, போர்வை போல மூடிவிடும். கொம்பிரசர் சூடாகி அடிக்கடி நிற்கும், கரண்ட் கூடும். முன்னால் தடையில்லாமல் இடம் விட்டு, வருடத்தில் இரண்டு தடவையாவது கொயிலைக் கழுவுவிக்க வேண்டும்.

பிங்கா ஓயா பெருகினால் தண்ணீர் ஏறும் அக்குறணைக் கடைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெளி இயந்திரத்தைத் தரையில் வைக்காமல், வெள்ளம் ஏறிய அடையாளத்துக்கு மேலே சுவரில் தாங்கி அடித்துப் பொருத்துங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பட்ட பாடு எல்லோரும் அறிந்ததே. தண்ணீர் புகுந்த ஏசியை ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட போடக் கூடாது. சேறு கழுவி, உலர்த்தி, மின்காப்புச் சோதனை செய்த பின்னரே கரண்ட் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் திருத்தக்கூடிய இயந்திரமும் எரிந்துபோகும். உயிருக்கும் ஆபத்து.

கரண்ட் வந்து போகும்போது

கரண்ட் போய் உடனே வந்தால், குழாய்க்குள் அழுத்தம் சமப்படுவதற்கு முன் கொம்பிரசர் கிளம்ப முயன்று திணறும். மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுவது நல்லது. அந்தத் தாமதத்தைத் தானாகவே தரும் பாதுகாப்புக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கினால் நாடே இருண்டது நினைவிருக்கும். அப்படியான நாட்களில் கரண்ட் திரும்பும் வேளையில் ஏசியின் பிரேக்கர் "ஓஃப்" நிலையில் இருக்க வேண்டும். இன்வேர்ட்டர் ஏசிகளின் மின்பலகை விலை கூடியது, வோல்ட் ஏற்ற இறக்கத்தைத் தாங்காது.

வெளி இயந்திரம் "ம்ம்" என்று முனகிவிட்டுக் கிளம்பவில்லையா? பழைய வகை ஏசிகளில் அநேகமாகக் கெப்பாசிட்டர்தான் பழுதாகியிருக்கும். அது சிறு சாமான். கொம்பிரசர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், கெப்பாசிட்டரை மீற்றர் வைத்து அளந்தீர்களா என்று முதலில் கேளுங்கள். ஆனால் நீங்களாகக் கழற்ற வேண்டாம். கரண்டை நிறுத்திய பின்னும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் மின்கசிவு இருக்கிறது என்று அது சொல்கிறது. அதைச் சுற்றி வயர் கொடுத்து ஓட்டுவது கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நாமே நெருப்பு வைப்பதற்குச் சமம்.

மாதக் கணக்கு

12,000 பீ.டி.யூ. சாதாரண ஏசி ஓடும்போது ஏறத்தாழ 1 கிலோவாட் இழுக்கும். 1 கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 அலகு. கடை 10 மணி நேரம் திறந்திருந்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் கொம்பிரசர் ஓடினால் நாளுக்கு ஏறத்தாழ 6.7 அலகு. மாதம் 26 நாளுக்கு ஏறத்தாழ 173 அலகு. உங்கள் பில்லிலுள்ள அலகு விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். அடைபட்ட பில்டரும் அழுக்குக் கொயிலும் கொம்பிரசரை ஓயாமல் ஓடவைத்தால் அது 260 அலகு வரை போகலாம். அந்த வித்தியாசம் பில்டரைக் கழுவ மறந்ததற்கு மாதாமாதம் கட்டும் தண்டம்.

ரிமோட்டில் 16 வைத்தால் வேகமாகக் குளிரும் என்பதும் தவறு. சாதாரண ஏசி 16 இலும் 25 இலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 16 என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு பாகை கூட்டினால் சுமார் 6 வீதம் மின்சாரம் மிச்சம் என்பது இந்திய எரிசக்தி வினைத்திறன் பணியகத்தின் கணக்கு. அங்கே 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் 24 பாகையில் ஆரம்பிக்குமாறு விதி செய்தார்கள். கண்டிக்கு 25, 26 தாராளம். காலையில் கடை திறந்ததும் கதவு ஜன்னல்களைத் திறந்து, இராக் குளிர் இன்னும் விலகாத காற்றை உள்ளே விட்டு, வெயில் ஏறிய பின் ஏசியைப் போடுங்கள்.

மழை மாதங்களில் வெப்பத்தைவிட ஈரமே சரக்குக்குப் பகை. தோல் செருப்பு, கைப்பை, கடதாசி எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது "டிரை" நிலை உதவும். சொல்லப்போனால் 1902 இல் வில்லிஸ் கேரியர் இந்த இயந்திரத்தை வடிவமைத்ததே அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத்தான். ஈரத்தில் கடதாசி விரிந்து வர்ணங்கள் விலகிப் பதிந்ததைத் தடுப்பதே அதன் நோக்கம்.

பழையதைத் திருத்துவதா, புதிது வாங்குவதா?

பெயர்த்தகட்டில் ஆர்-22 என்று இருந்தால் யோசிக்க வேண்டும். ஓசோன் படையைக் காக்க 1987 இல் செய்யப்பட்ட மொன்றியல் உடன்படிக்கையின் கீழ், நம்மைப் போன்ற நாடுகள் இந்த வகை கேஸின் பாவனையை 2025 இல் 67.5 வீதத்தால் குறைத்து, 2030 இல் பழுதுபார்ப்புக்கான சிறு அளவு தவிர முற்றாக நிறுத்த வேண்டும். வருகிற வருடங்களில் இது கிடைப்பது கடினமாகும், விலையும் ஏறும். ஆகவே ஆர்-22 இயந்திரத்துக்குப் புதிய கொம்பிரசர் போடுவது இலாபமில்லை. அதற்குள் ஆர்-410ஏ அடிக்கவும் முடியாது, அழுத்தமும் எண்ணெயும் வேறு. புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 மின்சாரத்தை மிச்சப்படுத்த உதவும். ஆனால் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால் பழகியவர்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது நோன்பும் பெருநாளும் வருடத்தின் முற்பகுதியில் வருகின்றன. அதைத் தொடர்ந்து சித்திரை வியாபாரம். கண்டியில் வெயில் உச்சத்தில் நிற்பதும் அதே மாதங்களில்தான். கடையில் கூட்டம் நிற்கும்போது ஏசி நின்றால் ஆளும் கிடைக்காது, பேசும் விலையும் உங்கள் கையில் இராது. ஆகவே ஜனவரியிலேயே சேர்விஸ் செய்து முடியுங்கள். என்.வீ.கியூ. சான்றிதழ் உள்ளவரா என்று கேளுங்கள். என்ன வேலை செய்தார், எந்த கேஸ் எத்தனை கிராம் போட்டார், எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். அந்தப் பில்களை ஒரு கோவையில் சேர்த்து வைத்தால் அடுத்து வருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டியதில்லை.

நேர்மையாக வேலை செய்பவருக்கு நேரத்துக்குக் கூலி கொடுப்பதும் நம் கடமை. மலிவாகச் செய்பவரைத் தேடி ஓடும்போதுதான், கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பவர் நம் கடைக்குள் வருகிறார்.