காணாமல் போன கணவர்... மனைவி எத்தனை வருஷம் காத்திருப்பது?

இந்தியாவில் இஸ்லாமியத் திருமணச் சட்டம் மாறியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

கோவை வட்டார முஸ்லிம்களில் ராவுத்தர்கள், உருது பேசுவோர் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அதாவது, ஹனஃபி சட்டப்பிரிவு. கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபி. பழைய ஹனஃபி விதிப்படி, காணாமல் போனவரின் வயதுக்காரர்கள் எல்லோரும் இறந்துபோகும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஆயுசு முழுக்க! மாலிக்கி மத்ஹபில் 4 ஆண்டுகள்தான். ‘நெருக்கடி என்றால் மாலிக்கி விதியை எடுத்துக்கொள்ளலாம்’ என்று வழிகாட்டினார், ஹனஃபி அறிஞரான அஷ்ரஃப் அலி தானவி.

அதையொட்டி வந்ததுதான் 1939-ம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவரைப் பற்றி 4 ஆண்டுகள் தகவலே இல்லை, 2 ஆண்டுகள் செலவுக்குப் பணம் தரவில்லை, கொடுமைப்படுத்துகிறார் என்றால் மனைவி கோர்ட்டுக்குப் போகலாம்.

மனைவியே கேட்டுப் பெறும் விவாகரத்து ‘குலா’. அந்த உரிமை அவருக்கு உண்டு. ஆனால், ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம் (2023). ஜமாஅத்தில் பேசி முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.